கினிப்பன்றிக் குட்டிகளின் மயிர் நிறம்: முன்கூறலும் அதன் எல்லையும்

பரம்பரை பற்றிய பரிசோதனைகளுள் எளிமையாலும் தெளிவாலும் சிறந்து விளங்கும் ஒன்றை ஐக்கிய அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் காசில் என்பாரும் ஜோன் பிலிப்ஸ் என்பாரும் 1909 ஆம் ஆண்டில் நிகழ்த்தினர். வெளிறிய வெண்ணிறமுடைய பெண் கினிப்பன்றி ஒன்றின் சூலகங்களை அவர்கள் அகற்றி, அவற்றினிடத்தே கருநிறமுடைய இளம் பெண் கினிப்பன்றியொன்றின் சூலகங்களைப் பதித்தனர். பின்னர் அவ்வெண்ணிறப் பெண்ணை வெண்ணிற ஆணொன்றுடன் கலக்க விட்டனர். அப்பெண் மூன்று தடவை சூலுற்றது; அதன் குட்டிகள் மொத்தம் ஆறு; ஆறும் கருநிறமானவையே. வெளிறிய பெற்றோர் இருவருக்கு வெளிறிய குட்டிகளன்றி வேறு பிறப்பதில்லை என்பது அக்காலத்தில் நன்கு நிறுவப்பட்டிருந்த உண்மை. எனவே அக்குட்டிகள் தோன்றிய முட்டைகள், சுமந்த தாயினுடையவையாக இருத்தல் இயலாது. வெண்ணிற உடலினுள்ளே தங்கி, அதன் குருதியால் ஊட்டப்பெற்றும், அம்முட்டைகள் தம்மிடத்திருந்த கருநிறக் காரணியைச் சிறிதும் இழந்தில. தாயின் உடல் நிறம் முட்டையில் ஊறிச் சென்று குட்டியை நிறப்படுத்துகின்றது என்னும் பழைய எண்ணத்துக்கு இப்பரிசோதனை இடம் வைக்கவில்லை. இதன் பெறுபேறுகள் 1909 இலும், விரிவாக 1911 இலும் வெளியாயின.

ஆகவே, பெற்றோரின் தோற்றத்தைக் கண்டு குட்டியின் நிறத்தைக் கூற முனைவோர் உண்மையில் அறியவேண்டியது அப்பெற்றோரின் புணரிகளுள் அடங்கியிருப்பது யாது என்பதையே. அதை நாம் நேரே காண்பதில்லை. மூதாதையரிலிருந்தும் முன்னர்ப் பிறந்த குட்டிகளிலிருந்தும் உய்த்துணர்கின்றோம். இவ்வுய்த்துணர்வு எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கினிப்பன்றி என்னும் பெயர் இரு வகையாலும் பிழையானது. அது கினி நாட்டுக்குரியதன்று; பன்றியுமன்று. தென் அமெரிக்காவின் அந்தீசு மலைப்பகுதி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணவுக்கெனப் பழக்கி வளர்த்த கொறிக்கும் விலங்கு அது. 16 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்று அங்கு செல்லப் பிராணியாயிற்று. பிறப்புரிமையியலாளனுக்கு இவ்விலங்கு முழுதும் உவப்பானது எனக் கூறமுடியாது. சுண்டெலியின் சூற்காலம் ஏறத்தாழ மூன்று வாரமாக, இதன் சூற்காலம் ஏறத்தாழ 68 நாளாகும். ஓரீற்றில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டிகளே பிறக்கின்றன. எனினும் ஒரு சிறப்பு இதற்குண்டு. சுண்டெலிக் குட்டி மயிரின்றிப் பிறக்க, கினிப்பன்றிக் குட்டியோ கண் திறந்து, முழு மயிருடன் பிறக்கின்றது. பிறந்த அன்றே அதன் நிறத்தைப் பதிந்துவிடலாம். காசிலின் மாணவரான சுவல் றைற் 1912 முதல் 1950கள் வரை இவ்விலங்கையே பற்றி நின்றார். விரிவுரையின்போது கையில் கினிப்பன்றியை இடுக்கி வைத்திருந்த அவர், மறதியாக அதைக் கொண்டே கரும்பலகையை அழித்தார் என்றொரு கதை அவருடைய மாணவர் வழியாக உலவுகின்றது. கதை மெய்யோ அன்றோ, விலங்கின் மீது அவருக்கிருந்த பற்றை அது காட்டுகின்றது.

மயிரின் நிறம் மெலனின் என்னும் நிறப்பொருளால் ஏற்படுகின்றது. அது இரு வகைப்படும். ஒன்று கருமையோ கபிலமோ தரும் யூமெலனின். மற்றையது சிவப்போ மஞ்சளோ தரும் பியோமெலனின். எத்தனையோ பெயர்களால் வளர்ப்போர் அழைக்கும் நிறங்கள் அனைத்தும் இவ்விரண்டின் அளவு, செறிவு, பரம்பல், இன்மை ஆகியவற்றின் விளைவுகளே. இவற்றை ஆளும் பரம்பரையலகுகள் பல. ஒவ்வொன்றும் விலங்கிடம் இரட்டையாக உள்ளது. ஒன்று தந்தை வழி, மற்றையது தாய் வழி. புணரியினுள் இவற்றுள் ஒன்றே செல்லும். இது 1866 இல் மென்டல் வெளியிட்டு, 1900 இல் மீளக் கண்டறியப்பட்ட விதி.

குறியீட்டின் வசதிக்காக நாம் தமிழெழுத்தின் இயல்பொன்றைப் பயன்படுத்துவோம். ஆட்சியுடைய எதிருருவை நெடிலாலும், அதற்குப் பின்னிடைவானதைக் குறிலாலும் குறிப்போம். யூமெலனின் கருமையாய் அமைவதற்குரியது 'கா' எனவும், கபிலமாய் அமைவதற்குரியது 'க' எனவும் கொள்க. அப்போது காகா, காக ஆகிய இரண்டும் தோற்றத்தில் கருநிறம். கக மாத்திரம் கபிலம். (தூய கருநிறத்துக்குக் காகா எனக் குறியீடு வாய்த்தது தற்செயலே.)

காக ஆன இரு கினிப்பன்றிகள் கலந்தால் கருமையும் கபிலமும் 3:1 எனப் பிறக்கும் என்பது வகுப்பறையில் யாவரும் கற்பது. நான்கு குட்டிகள் பிறந்தால் மூன்று கருமை, ஒன்று கபிலம் என இதனைப் பொருள்கொள்வாரும் உளர். அது பொருந்தாது. ஒவ்வொரு குட்டியும் ஏனையவற்றைப் பொருட்படுத்தாது தனித்தனியே நான்கிலொரு நிகழ்தகவுடன் கபிலமாகின்றது. நான்கு குட்டிகளில் சரியாக மூன்று கருமையாகவும் ஒன்று கபிலமாகவும் அமைவதன் நிகழ்தகவு 27/64. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 42. நான்கும் கருமையாவதன் நிகழ்தகவு 81/256; நூற்றுக்கு 32. ஆக, விதி துல்லியமாக இயங்கும்போதும், 'எதிர்பார்த்த' ஈற்றைக் காணாதவரே பெரும்பான்மையினர். விகிதம் என்பது பெருந்தொகைக்கு உரியது. மென்டல் பட்டாணி விதைகளை ஆயிரக்கணக்கில் எண்ணினார். ஓரீற்றில் மூன்று குட்டி பெறுவோன் அவருடைய வசதியை உடையவன் அல்லன்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியமானது. காக பெற்றோருக்குப் பிறந்த கருநிறக் குட்டியொன்று நம்மிடம் உள்ளதெனக் கொள்வோம். அது காகா ஆகவும் இருக்கலாம். காக ஆகவும் இருக்கலாம். பிறக்கும் கருநிறக் குட்டிகள் மூன்றனுள் இரண்டு காக ஆதலின், கபிலத்தை மறைத்துவைத்திருப்பதற்கான நிகழ்தகவு தொடக்கத்திலேயே மூன்றிலிரண்டு. உண்மையை அறிய அதைக் கபில விலங்குடன் கலக்கின்றோம். இதுவே சோதனைக் கலப்பு எனப்படும். ஒரேயொரு கபிலக் குட்டி பிறந்தாலும் ஐயம் தீர்ந்தது. விலங்கு காக என்பது உறுதி. ஆயின் கருநிறக் குட்டிகளே பிறந்தால்? அப்போது ஐயம் குறையுமேயன்றி அறவே நீங்காது. மறைத்துவைத்திருக்கும் விலங்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டிலொரு நிகழ்தகவுடன் கருநிறக் குட்டியையே தரவல்லது. கணக்கிட்டால், கருநிறக் குட்டியொன்று கண்டபின் எஞ்சும் ஐயம் 1/2. இரண்டு கண்டபின் 1/3. மூன்று கண்டபின் 1/5. நான்கின் பின் 1/9. ஏழின் பின் 1/65. ஓரீற்றில் மூன்று கருநிறக் குட்டிகளைப் பெற்றதும் 'இது தூய கருநிறம்' என விற்போர், ஐந்திலொரு தடவை பிழையானதையே கூறுகின்றனர். ஏழு குட்டிகளுக்குப் பெண் விலங்காயின் இரண்டு மூன்று ஈற்றுக்கள் வேண்டும்; மூன்றாயின் ஆறு மாதத்துக்கு மேல் செல்லும். ஆண் விலங்காயின் ஒரே காலத்தில் கபிலப் பெண்கள் பலவற்றுடன் கலந்து விரைவில் முடிவு காணலாம். வளர்ப்போர் ஆணையே முதலிற் சோதிப்பதற்குரிய காரணம் இது.

சோதனையில் ஒன்றின் இருப்பை ஒரு குட்டி நிறுவுகின்றது. ஒன்றின் இன்மையை எத்தனை குட்டிகளும் முற்றாக நிறுவுவதில்லை. காசிலின் ஆறு குட்டிகள் போதியவையாயிருந்தமையும் இதனாலேயே. அங்கு மறு கருதுகோளின்படி கருநிறக் குட்டி ஒன்றுகூடப் பிறத்தல் ஆகாது. முதற்குட்டியே விடையைத் தந்துவிட்டது.

பரம்பரையலகுகள் இரண்டு ஒரே மயிரின்மீது செயற்படும்போது நிலைமை மேலும் சுவையுடையதாகின்றது. காட்டிலுள்ள இனத்தின் மயிர் தனிக் கருமையுமன்று, தனிச் சிவப்புமன்று. அடி கருமை, நுனியை அடுத்து மஞ்சட் பட்டை, நுனி மீண்டும் கருமை என ஒவ்வொரு மயிரும் பட்டைபட்டையாய் அமைந்துள்ளது. இப்பட்டையைத் தருவது 'வா' என்னும் எதிருரு. வவ ஆயின் பட்டையில்லை. இதனின் வேறானது 'பா'. யூமெலனின் உடலெங்கும் தோன்ற இது வேண்டும். பப ஆயின் மயிரில் யூமெலனின் தோன்றாது. விலங்கு முழுச் சிவப்பாகும். முழுச் சிவப்பான விலங்கில் கருமையும் மஞ்சளும் மாறிமாறி வர வழியில்லையாதலால், வா உள்ளதா இல்லையா என்பதைத் தோற்றத்திலிருந்து கூறமுடியாது. பப, வாவை மறைத்துவிடுகின்றது. இவ்வாறு ஓரிடத்து அலகு வேறோரிடத்து அலகை மறைத்தலை மேலாட்சி என்பர்.

இனி, வாவா பப ஆன சிவப்பு விலங்கை வவ பாபா ஆன கரு விலங்குடன் கலப்போம். பெற்றோரில் ஒன்று தனிச் சிவப்பு; ஒன்று தனிக் கருமை. பிறப்பவை அனைத்தும் வாவ பாப. அதாவது சிவப்புமன்றிக் கருமையுமன்றி, காட்டு மூதாதையின் பட்டை மயிருடையவை. புறா வகைகளைக் கலந்தபோது மலைப்புறாவின் நீலநிறம் மீளத் தோன்றியதைக் கண்ட டார்வின், இதனை மூதாதை நிலைக்கு மீளுதல் என விளக்கினார். மீண்டது மூதாதையன்று, பிரிந்து கிடந்த இரு அலகுகள் மீண்டும் ஓரிடத்தில் கூடியதேயாகும் என்பது மென்டலின் விதி தெளிந்த பின்னரே புலனாயிற்று. இக்குட்டிகளைத் தம்முட் கலந்தால் பேரக்குட்டிகள் பட்டை 9, கருமை 3, சிவப்பு 4 என்னும் விகிதத்திற் பிறக்கும். சிவப்பு நான்கும் பார்வைக்கு ஒன்றே. உள்ளேயோ வாவா, வாவ, வவ என மூவகை.

வெண்மையின் கதை சற்றே வேறானது. மெலனின் உண்டாவதற்குத் தைரோசினேசு என்னும் நொதியம் தேவை. அதற்குரிய அலகின் முழு ஆற்றலுடைய எதிருருவை 'நீ' என்போம். கினிப்பன்றியில் இவ்விடத்துக்கு ஐந்து எதிருருக்கள் உள்ளமையை றைற் தமது ஆய்வுகளாற் காட்டினார். அவற்றுள் ஆற்றல் மிகக் குறைந்ததை 'நி' என்போம். நிநி ஆன விலங்கின் கண்கள் இளஞ்சிவப்பு, உடல் வெண்மை. ஆயினும் மூக்கு, காது, பாதம் ஆகிய நுனிப் பகுதிகள் கருமையாய் இருக்கும். காரணம், இவ்வெதிருரு தரும் நொதியம் வெப்பத்தைத் தாங்காமையே. உடலின் சூட்டில் அது செயலற்றுப்போகின்றது. குளிர்ந்த நுனிகளில் மட்டும் செயற்படுகின்றது. கருப்பையில் எல்லாப் பகுதிகளும் ஒரே சூட்டில் இருத்தலால் குட்டி ஏறக்குறைய முழு வெள்ளையாகவே பிறந்து, நாட்செல்ல நுனிகள் கருக்கின்றன. பிறந்த அன்றே நிறத்தைப் பதிந்துவிடலாம் என மேலே கூறியதற்கு இது விலக்கு.

இந்நுனிகள் ஆராய்வோனுக்குப் பெரிதும் உதவுகின்றன. காகா நீநீ ஆன கருநிற விலங்கையும் கக நிநி ஆன வெள்ளை விலங்கையும் கலந்து பெற்ற பேரக்குட்டிகளைப் பாடநூல் முறையில் எண்ணினால் கருமை 9, கபிலம் 3, வெள்ளை 4 என வரும். வெள்ளை நான்கின் மூக்கையும் பாதத்தையும் கூர்ந்து நோக்கினால், மூன்றில் நுனி கருமையாகவும் ஒன்றில் கபிலமாகவும் இருக்கக் காணலாம். 9:3:4 எனத் தோன்றியது உள்ளபடி 9:3:3:1 என்னும் மென்டலின் விகிதமே. வெள்ளை, நிறமின்மையன்று, வெளிப்படுத்தப்படாத நிறம்.

இத்தொடரிலுள்ள இடைநிலை எதிருருவொன்று சிவப்பை மங்கச் செய்கின்றது. பப ஆன விலங்கில் இம்மங்கல் எதிருரு இரட்டையாக அமைந்தால் மஞ்சள். மங்கலொன்றும் நியொன்றும் சேர்ந்தால் பாலேட்டின் நிறம். நிநி ஆயின் முழு வெள்ளை. எனவே பாலேட்டு நிறமுடைய இரண்டைக் கலந்தால் மஞ்சள் 1, பாலேடு 2, வெள்ளை 1 எனப் பிறக்கும். தோற்றமே உள்ளமைப்பைக் காட்டிவிடுதலால் இங்கு சோதனைக் கலப்பு வேண்டியதில்லை. பாலேட்டு நிறத்தை மட்டும் தூயதாக்க முயன்ற வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாகத் தோற்றமைக்கும் காரணம் இதுவே. தூயதாகும் இயல்பு அந்நிறத்துக்கு இல்லை. அவர்கள் உண்மையில் வேண்டியது மஞ்சளையும் வெள்ளையையும் கலப்பதே. அப்போது குட்டிகள் யாவும் பாலேட்டு நிறம்.

இதுகாறும் கூறியவை அழகு பற்றியவை. கணிப்புத் தவறினால் விரும்பாத நிறமொன்று பிறக்கும், அவ்வளவே. ரோன் எனவும் டல்மேசன் எனவும் வழங்கும் வகைகளில் நிலைமை அத்தகையதன்று. முன்னதில் நிறமயிரிடையே வெண்மயிர் விரவியிருக்கும். பின்னதில் வெண்மேனியிற் புள்ளிகள் இருக்கும். இரண்டும் ஒரே அலகின் வேறுபட்ட வெளிப்பாடுகள். அவ்வலகை ஒற்றையாகப் பெற்ற விலங்கு நலமாக வாழ்கின்றது. காண்போரைக் கவரும் அழகும் உடையது. இரட்டையாகப் பெற்ற குட்டியோ வெண்ணிறமாய், கண்கள் மிகச் சிறுத்தோ முற்றாக இன்றியோ பிறக்கின்றது, பார்வையில்லை, பெரும்பாலும் செவிப்புலனுமில்லை, பற்கள் கோணலாய் வளர்ந்து உண்ணத் தடையாகின்றன. பல விரைவில் இறக்கின்றன. பிழைப்பவை இடைவிடாப் பராமரிப்பிலேயே உயிர்வாழ்கின்றன. இவ்வகையில் இரண்டைக் கலந்தால் நான்கிலொரு குட்டி இந்நிலையில் பிறக்கும்.

முன்னர்க் கண்ட கணக்கு இங்கு வேறு பொருள் பெறுகின்றது. மூன்று குட்டிகளையுடைய ஓரீற்றில் இத்தகைய குட்டி ஒன்றேனும் இல்லாதிருப்பதன் நிகழ்தகவு 27/64. அதாவது, இக்கலப்பைச் செய்யும் வளர்ப்போர் நூற்றுவரில் 42 பேர் வரை, முதலீற்றில் தீங்கெதையும் காணார். 'எம்மிடம் அவ்வாறு நிகழவில்லை' என அவர்கள் கூறுவது பொய்யன்று. ஆயின் அதனைச் சான்றாகக் கொண்டு மீண்டும் கலப்போர் நிகழ்தகவை அறியாதவராவர். இதற்கு மாற்று மிக எளிது. இவ்வலகையுடைய விலங்கை ஒரே நிறமுடைய விலங்குடன் கலந்தால் குட்டிகளிற் பாதி விரும்பிய தோற்றத்துடன் பிறக்கும். ஊனமுற்றது ஒன்றேனும் பிறவாது. அழகிய குட்டிகள் முக்கால் பங்கு வேண்டுமென எண்ணித் தன்னினத்தோடே கலப்பவன் உண்மையிற் பெறுவதும் அதே பாதியே. மேலதிகமாகக் கிடைப்பது அக்காற்பங்குத் துன்பம்.

இங்கு எச்சரிக்கத்தக்க இன்னொரு செய்தியும் உண்டு. சில விலங்குகளில் இவ்வலகு சில வெண்மயிர்களாக மட்டுமே வெளிப்படும். முழு வெள்ளை விலங்கிலோ அதனைக் காணவே இயலாது. வெண்மையில் வெண்மயிரைத் தேடுவது எங்ஙனம்? மூதாதையர் யாரென அறியாத வெள்ளை விலங்கை ரோனுடன் கலப்பது, சீட்டைப் பாராது பந்தயம் வைப்பதையொக்கும். வம்சப் பதிவேடு வெறும் பெருமைக்குரிய ஏடன்று.

இறுதியாக, பரம்பரையலகுகளை எல்லாம் அறிந்தும் முன்கூற முடியாத ஒன்றை நோக்குவோம். பல கினிப்பன்றிகளின் மேனியில் நிறமும் வெண்மையும் திட்டுத்திட்டாக அமைந்திருக்கும். வெண்திட்டு உண்டா என்பது பெரிதும் பரம்பரையைப் பொறுத்தது. எவ்வளவு, எங்கே என்பதோ விலங்குக்கு விலங்கு வேறுபடும். ஒரே ஈற்றில் ஒரு குட்டி நெற்றியில் சிறு வெண்புள்ளியுடனும், மற்றொன்று ஏறத்தாழ முழு வெள்ளையாகவும் பிறக்கலாம். ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1906 முதல் உடன்பிறந்தவற்றைத் தம்முட் கலந்து பேணிவந்த கினிப்பன்றிக் குடும்பங்கள் றைற்றின் பொறுப்பில் 1915 இல் வந்தன. பல தலைமுறை இவ்வாறு கலந்தமையால் ஒவ்வொரு குடும்பத்தினுள்ளும் பிறப்புரிமையமைப்பு ஏறக்குறைய ஒன்றாகிவிட்டிருந்தது. உறவினரிடையேயுள்ள ஒப்புமையை அளந்து, வேறுபாட்டில் எக்காரணத்துக்கு எவ்வளவு பங்கு எனப் பிரித்தறியும் முறையொன்றை அவர் வகுத்தார். பின்னாளில் சமூகவியலும் பொருளியலும் கையாளும் பாதைப் பகுப்பாய்வு என்னும் புள்ளிவிவர முறை, இவ்விலங்கின் வெண்திட்டுக்களிலும் பயன்படுத்தப்பட்டே வளர்ந்தது என்பதைப் பலர் அறியார்.

அவர் 1920 இல் வெளியிட்ட முடிவு வியப்பைத் தருவது. கலப்புக்குக் கட்டுப்பாடற்ற கூட்டத்தில், வெண்மையின் அளவில் காணும் வேறுபாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பங்கே பரம்பரைக்குரியது. எஞ்சியது தீனி, பருவம், தாயின் நலம் முதலிய சூழற் காரணிகளுக்கு உரியதாகும் என நாம் எண்ணக்கூடும். அதுவுமன்று; ஓரீற்றுக் குட்டிகளுக்குப் பொதுவான சூழலின் பங்கு புறக்கணிக்கத்தக்க அளவே. எஞ்சிய பெரும்பகுதி, கரு வளரும்போது ஒவ்வொரு குட்டியிலும் தனித்தனியே நேரும் ஒழுங்கின்மைகளுக்கு உரியது. இதற்கு இன்று விளக்கமும் கூறலாம். நிறக்கலங்கள் கருவின் முதுகுப்புறத்தே தோன்றி, அங்கிருந்து பெருகிப் பரந்து தோலெங்கும் குடியேறுகின்றன. அவை சென்று சேராத இடம் வெண்மையாகின்றது. எக்கலம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை எவ்வலகும் புள்ளிபுள்ளியாக வரையறுப்பதில்லை.

உடன்பிறந்தவை கலந்த குடும்பமொன்றில் றைற் அளந்தபோது பரம்பரையின் பங்கு நூற்றுக்கு ஏறக்குறைய 3 ஆகச் சுருங்கிவிட்டது. 90க்கு மேற்பட்டது வளர்ச்சியின் ஒழுங்கின்மை. ஆயினும் அக்குடும்பத்து விலங்குகள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கவில்லை; அவற்றுள்ளும் வெண்மை மிக்கவையும் நிறம் மிக்கவையும் பிறந்துகொண்டேயிருந்தன. வெண்மை மிக்கதைத் தேர்ந்து பெற்றோராக்கினாலும், அதன் குட்டிகள் நிறம் மிக்கதன் குட்டிகளிலும் கூடிய வெண்மை பெற்றுப் பிறக்கவில்லை.